கிருபையம்மாவின் பிஸ்கட் டின்

சாலமோன் அண்ணாச்சி எஸ்தரைத் தூக்கி மடியில் உட்கார வைத்தார். அவளுடைய வலது கையைப் பிடித்து, தன் கட்டைவிரலையும் நடுவிரலையும் வளையமாகச் சேர்த்து மணிக்கட்டைச் சுற்றினார். அந்த வளையம் தடையில்லாமல் முழங்கை வரைக்கும் ஏறியது. பிறகு அவர் தலையைத் தூக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சமையலறைக் கதவைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன போடுதீய?" என்று கேட்டார்.

நான் வாசற்படிக்கு உள்ளே காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். என் கணவர் செருமினார். எஸ்தர் மட்டும் மாமாவின் கடிகாரச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.

சாலமோன் அண்ணாச்சி என் கணவருடைய முதல் மனைவி கிருபையின் அண்ணன். தைப்பிங்கில் ரயில்வே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தார். எஸ்தர் கிருபை பெற்ற பிள்ளை. அப்போது அவளுக்கு ஆறு வயது. நான் அவளுக்குச் சித்தி. இவ்வளவு சொன்னால் போதும், அந்தக் கேள்வி எனக்கு எங்கே குத்தியிருக்கும் என்று வாசகர்கள் தெரிந்துகொள்வார்கள்.

கூடத்தில் ஒரு படம்

சென்ற வாரம் இந்தத் தொடரில், கப்பலிலிருந்து பினாங்குத் துறையில் என்னை இறக்கிவிட்டு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "இரண்டாம்தாரமாகப் போகச் சம்மதித்தது ஏன்?" என்று கேட்டு எழுதியிருந்தார். அம்மா, என்னை யாரும் சம்மதம் கேட்கவில்லை. திருநெல்வேலியில் எங்கள் சபைக்கு மலாயாவிலிருந்து ஒரு ஐயர் விடுமுறையில் வந்தார். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது. தோட்டத்து ஜனங்களுக்கு ஊழியம் செய்கிறவர், மனைவியை இழந்தவர், கைக்குழந்தை மாதிரி ஒரு பெண்பிள்ளை இருக்கிறது என்று சொன்னார்கள். என் அப்பா கண்களை மூடி ஜெபித்தார். கண்ணைத் திறந்தபோது கல்யாணம் முடிவாகியிருந்தது.

எங்கள் மிஷன் வீடு ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் இருந்தது. கால்கள் வைத்துத் தூக்கிய பலகை வீடு, அத்தாப்பு ஓலைக் கூரை. ஒரு பக்கம் ஈயம் எடுக்கிற குட்டையின் பம்பு பகல் முழுக்க முனகும். மறுபக்கம் கித்தா என்கிற ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். மழை பெய்தால் உறைந்த கித்தாப்பாலின் புளித்த வாடை வீட்டுக்குள் வந்து துணியில் எல்லாம் ஏறிக்கொள்ளும். வந்த முதல் நாள் நான் இதை எதையும் பார்க்கவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படத்தைத்தான் பார்த்தேன்.

கிருபை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. பல் தெரியாத சிரிப்பு. கழுத்து நீளம். என் கழுத்தைப் பற்றி என் அம்மாவே நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை.

மறுநாள் ஐயர் ஒரு டிரங்குப் பெட்டியைக் காட்டி, "இதில் சேலை, ரவிக்கை எல்லாம் இருக்கு. வேணும்னா எடுத்துக்கிடு" என்றார். அந்தப் பெரிய மனசை நான் பாராட்டத்தான் வேண்டும். ரவிக்கை ஒன்றும் எனக்கு நுழையவில்லை. அவளுக்கு இடுப்பும் சிறியது, கையும் மெல்லியது. பெட்டியை மூடி, அதன் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் சண்டை போடலாம். அவளுக்கும் ஒரு நாள் குழம்பில் உப்புக் கூடும், ஒரு நாள் பால் பொங்கி வழியும், ஒரு நாள் பிள்ளையை அடிப்பாள். செத்துப்போனவளுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. அவள் படத்தில் சிரித்துக்கொண்டே இருந்துவிடலாம்.

போதாததற்கு மாலை ஜெபம் வேறு. நாள்தோறும் விளக்கு வைத்ததும் கூடத்தில் முழங்காலிடுவோம். ஐயர் முதலில் சபைக்காக ஜெபிப்பார். அடுத்தது, "எங்களுக்கு முன்பாக உம்மிடத்தில் வந்து சேர்ந்த உமது அடியாளுக்காக ஸ்தோத்திரம்" என்று கிருபைக்காக நன்றி சொல்வார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். பிறகு எஸ்தர். பிறகு காய்ச்சல்காரர்கள், தோட்டத்துத் துரைமார், பெரிய கிராணி, குடிகாரக் கங்காணி. என் பெயர் வந்து சேரும்போது எனக்கே தூக்கம் வந்துவிடும். எனக்கு அப்புறம் கோழிகள்தான் பாக்கி.

கம்பளிக் காலுறை

வருஷத்துக்கு ஒரு முறை சீமையிலிருந்து மிஷனுக்கு ஒரு பெட்டி வரும். அங்கே இருக்கிற நல்ல மனசுக்காரச் சீமாட்டிகள் மலாயாவில் இருக்கிற ஏழைகளுக்காகத் தங்கள் கையால் பின்னியது. திறந்து பார்த்தால் கம்பளிக் காலுறை. அந்தப் புழுக்கத்தில் அதைத் தொட்டாலே உடம்பு வியர்க்கும்.

ஆனால் ஒரு ஜோடிகூட வீணாகவில்லை. விடியற்காலையில் ஈரப் புல்லில் மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போகிற பெண்களுக்கு அட்டைக்கடி பெரிய தொந்தரவு. அவர்கள் அந்தக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டு, மேலே வாழைநாரால் கட்டிக்கொண்டு போவார்கள். எந்த லயத்துக்குப் போனாலும், வரிசை வீடுகளின் கொடிகளில் பச்சையும் சிவப்பும் நீலமுமாகச் சீமைக் காலுறைகள் தொங்கும்.

எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்புத் தாங்கவில்லை. "யாருக்கு வந்தது இந்த யோசனை?" என்று வெள்ளச்சியிடம் கேட்டேன்.

வெள்ளச்சி ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் மரம் வெட்டுகிறவள். ஞானஸ்நானத்தில் வேறு பெயர் வைத்தும், யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மதியத்துக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் எடுத்து, துணி துவைத்துக் கொடுப்பாள்.

"வேற யாருக்கு வரும், ஐயரம்மா? நம்ம கிருபையம்மாவுக்குத்தான்" என்றாள்.

காலுறையில்கூட அவள்தான். அதன் பிறகு எனக்கு அந்தக் கொடிகளைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

ஒரு பிடி அரிசி

எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துக் கர்த்தருக்கென்று தனியாகப் போட்டு வைப்பார்கள். கைப்பிடி அரிசி என்று பெயர். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பெண்களும் அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, பீடத்துக்கு முன்னால் விரித்த பாயில் கொட்டுவார்கள். ஐயர் கைகளை விரித்து, "கர்த்தாவே, இதை உமது கரத்தில் ஏற்றுக்கொள்ளும்" என்று ஜெபிப்பார். மறுநாள் அதை மூட்டையாகக் கட்டிச் சைக்கிளில் வைத்து ஒன்பதாங்கட்டைக்குக் கொண்டுபோவார். காய்ச்சலில் வேலைக்குப் போக முடியாமல் லயத்தில் கிடக்கிறவர்களுக்கு அது கஞ்சியாகும்.

அந்த வழக்கத்தைத் தோட்டத்துப் பெண்களுக்குப் பழக்கியதும் கிருபைதான் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காய்ச்சல்காரர்களைப் பார்க்கப் போய்த்தான் அவளுக்கும் காய்ச்சல் கண்டது. ஒன்பதாங்கட்டையிலேயே இறந்து, அங்கேயே அடக்கமானாள்.

எங்கள் வீட்டில் கைப்பிடி அரிசிக்கு ஒரு பிஸ்கட் டின் இருந்தது. மூடியில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரி. அதுவும் கிருபையின் டின். கல்யாணத்துக்கு வந்த பரிசாம். நான் அதை மாற்றிவிட்டு ஒரு மண் கலயம் வைக்கலாம் என்று பார்த்தேன். எஸ்தர் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அந்தப் பிள்ளை என்னிடம் அடம் பிடித்ததே அந்த ஒரு விஷயத்தில்தான். மற்றபடி சொன்னதைக் கேட்பாள். குளி என்றால் குளிப்பாள், படி என்றால் படிப்பாள். மடியில் வா என்றால் மட்டும் வரமாட்டாள். வெள்ளச்சி முதுகில் ஏறுவாள், அப்பா தோளில் ஏறுவாள், என்னைக் கண்டால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். எனக்கு வெள்ளச்சி மேலும் பொறாமை, என் புருஷன் மேலும் பொறாமை.

அதனால் ஒரு தந்திரம் செய்தேன். "இனிமே கைப்பிடி அரிசியை நீயே எடுத்துப் போடு" என்று எஸ்தரிடம் சொன்னேன். நான் வரும்வரை சமையலும் செய்து கொடுத்த வெள்ளச்சி அவளை அடுப்படிப் பக்கமே விட்டதில்லை. எஸ்தர் முகம் அப்படியே மலர்ந்தது. அன்றிலிருந்து உலை வைக்கிற நேரத்துக்கு அவள் தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பால் டின்னால் நான் அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவேன். அப்பாவுக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு, உனக்கு இவ்வளவு என்று சொல்லிக்கொண்டே கொட்டுவேன். முறத்தை அவளிடம் விட்டுவிட்டு விறகு எடுக்கப் பின்பக்கம் போவேன். நான் திரும்பி வருவதற்குள் அவள் பிஸ்கட் டின்னை மூடி, அதன் மேல் கை வைத்துக் காத்திருப்பாள்.

நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

பாயில் குவிந்தது

அந்த மாதக் கடைசியில் எங்கள் வீட்டு அரிசியைப் பாயில் கொட்டியபோது பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மற்றவர்கள் கொட்டியதெல்லாம் சிறு சிறு மேடாக இருக்க, எங்கள் வீட்டுக் குவியல் மட்டும் குன்று மாதிரி நின்றது.

"அந்தம்மா காலத்துலகூட இவ்ளோ சேந்ததில்லலா" என்றாள் வெள்ளச்சி.

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது எத்தனை பெரிய பரிசு என்று அவளுக்குத் தெரியாது. அன்று ஐயர் என்ன பிரசங்கம் செய்தார் என்று எனக்கு ஞாபகமில்லை. பாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரிப்பில் அவள் ஜெயிக்கட்டும், கழுத்தில் ஜெயிக்கட்டும், காலுறையில் ஜெயிக்கட்டும். அரிசியில் நான் ஜெயித்துவிட்டேன்.

எப்படி இவ்வளவு சேர்ந்தது என்று யோசித்தேனா என்று கேட்பீர்கள். யோசித்தேன். என் கை தாராளம் என்று முடிவு கட்டினேன். நான் எடுத்துப் போடவே இல்லை, போட்டதெல்லாம் எஸ்தர்தான் என்பது அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தோன்றவில்லை. சோறு கொஞ்சம் போதாமல் வந்ததும் உண்மை. அதற்குச் சயாம் அரிசியைத் திட்டினேன். நம் ஊர் அரிசி மாதிரி இது உலையில் பெருகாது என்று ஐயரிடமும் சொன்னேன். அவர் அரிசியைப் பற்றி என்ன கண்டார்? தலையாட்டினார்.

சொதி

இந்தச் சமயத்தில்தான் எஸ்தர் சாப்பிடாமல் போனாள்.

தட்டில் சோறு போட்டால் இரண்டு வாய் தின்பாள். "பசிக்கல சித்தி" என்பாள். தட்டைத் தள்ளிவிட்டு, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதட்டினாலும், கெஞ்சினாலும், கருவாட்டைப் பொரித்து வைத்தாலும் அதே பதில்தான். முகத்தில் கோபம் இல்லை, பிடிவாதம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் கைச் சோறு அவளுக்கு இறங்கவில்லை என்று எனக்கு உறுதியாகிவிட்டது. தாயின் ருசி நாக்கில் நிற்கும்போது நான் என்ன வைத்தால் என்ன?

ஒரு நாள் மானத்தை விட்டு வெள்ளச்சியிடமே கேட்டேன். "அந்தம்மா இந்தப் பிள்ளைக்கு என்னதான் ஆக்கிப் போடுவாங்க?"

"சொதிதான், ஐயரம்மா. தேங்காப்பால் ஊத்தி மஞ்சளா வைப்பாங்கலா. புள்ள வழிச்சு வழிச்சுத் தின்னும்."

சொதிக்குப் பேர்போன திருநெல்வேலிக்காரிக்கு வெள்ளச்சி அதைச் சொல்லித் தருகிற காலமும் வந்தது. பாசாரிலிருந்து நல்ல தேங்காயாக வாங்கி வந்து, முதல் பால், இரண்டாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து வைத்தேன். ஐயர் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "இது... இது நல்லாருக்கு" என்றவர் ஏதோ ஞாபகத்தில் படத்தைப் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன். எஸ்தர் சொதியை விரலில் தொட்டு நக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாருக்கு சித்தி" என்றாள். பிறகு, "பசிக்கல" என்றாள்.

அவளுடைய கன்னம் ஒட்டிப்போயிற்று. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெசரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுத்தோம். ஜெபத்தில் அவளுக்கான நேரம் நீண்டது. கோயிலுக்கு வருகிற பெண்கள் அவளைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொள்வார்கள். சித்திக்காரி என்றாலே ஒரு கதை உலகத்தில் தயாராக இருக்கிறது. அதில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

அந்தக் கதை தைப்பிங் வரை போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி ரயில் ஏறி வந்தார்.

ரயிலுக்கு நேரமிருந்தது

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே" என்றார் அண்ணாச்சி. அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதே இல்லை. எங்கள் முறைக்கு அப்படித்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

"எல்லாம் போடுதேன் அண்ணாச்சி. அவதான் திங்க மாட்டேங்கா."

"பிள்ளை திங்க மாட்டேங்குதுன்னா, போடுத விதத்துலயும் இருக்குல்லா."

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் போட்டு உடைத்திருப்பேன்.

அண்ணாச்சி ஐயர் பக்கம் திரும்பினார். "மாப்ளே, நான் சண்டை போட வரலை. சாயந்தர ரயில்ல பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுல நாலு பிள்ளையளோட அஞ்சா இருந்துட்டுப் போகட்டும். பள்ளிக்கூடமும் பக்கத்துலதான்."

பள்ளிக்கூடம் என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. இது விருந்துக்குக் கூட்டிப்போவது இல்லை. போனால் வரமாட்டாள்.

நான் ஐயரைப் பார்த்தேன். தோட்டத்துத் துரையிடமே நின்று வாதாடி லயத்துக்குள் பிரசங்கம் செய்ய அனுமதி வாங்கினவர் அவர். இப்போது தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளை மெலிஞ்சுதான் போயிருக்கு மச்சான்" என்றார்.

"கூட்டிட்டுப் போங்க" என்றேன் நான். ரோஷத்தில் சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே போய் எஸ்தருடைய பாவாடைகளை மடித்தேன். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தேன். அங்கே அண்ணாச்சியின் மனைவி இருப்பாள். நல்ல கைப்பக்குவக்காரி என்று பெயர். அவள் உருட்டிக் கொடுத்தால் இந்தப் பிள்ளை வாயைத் திறக்கும். எனக்கு அந்தப் பார்த்திராத பெண்ணின் மேலும் வயிறு எரிந்தது.

எஸ்தர் பின்னாலேயே வந்தாள். அடுப்படிக்குப் போய் பிஸ்கட் டின்னைத் தூக்கி வந்தாள். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"மாமா, உங்க வீட்டுல இந்த மாதிரி டின் இருக்கா? இல்லன்னா இதைக் கொண்டு போலாமா?"

"எதுக்கு ராசாத்தி?"

"என் பங்கைப் போடுறதுக்கு."

"என்ன பங்கு?"

"என் சோத்துப் பங்கு. அம்மாவுக்கு."

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார். எஸ்தர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் கையில் பாவாடையோடு வாசலில் நின்றேன்.

அவள் எங்களுக்கெல்லாம் பொறுமையாக விளக்கினாள். அம்மா கர்த்தரிடம் போயிருக்கிறாள். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். இது கர்த்தருக்குப் போடுகிற அரிசி. அதையும் எல்லாரும்தான் சொன்னார்கள். அப்பா அதைக் கட்டி ஒன்பதாங்கட்டைக்குக் கொண்டுபோகிறார். அம்மாவும் ஒன்பதாங்கட்டைக்குப் போய்த்தான் கர்த்தரிடம் போனாள். ஆகவே அப்பா அரிசியை அம்மாவிடம்தான் கொடுக்கிறார்.

"என் கைப்பிடி சின்னது மாமா" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "அம்மாவுக்கு அது எப்படிக் காணும்? அதான் சித்தி எனக்குன்னு போடுற அரிசி முழுசையும் டின்னுல போட்டுருவேன். அப்புறம் நான் தின்னா அது உங்க எல்லாரோட பங்குல்ல? அதான் ரெண்டு வாய் மட்டும்."

ஐயர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நேராகப் படத்தைப் பார்த்தேன். 'செத்தும் என் பிள்ளையின் சோற்றில் கை வைக்கிறாயே' என்று மனசுக்குள் சொன்னேன். சொன்ன பிறகுதான், என் பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன் என்று கவனித்தேன்.

யாராவது ஏதாவது சொல்ல வேண்டும். கூடத்தில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள், அதில் ஒருவர் வேதம் படித்த ஐயர். நானே போய் அவள் எதிரில் குந்தினேன்.

"பிள்ள, உங்க அம்மாவுக்கு இனிமே பசிக்காது."

"ஏன்?"

"கர்த்தர்கிட்டப் போனவங்களுக்குப் பசி கிடையாது. இந்த அரிசி காய்ச்சல்ல கிடக்கிறவங்களுக்கு. அப்பா அவங்களுக்குத்தான் குடுக்காங்க. பசியெல்லாம் இங்க இருக்கிறவங்களுக்குத்தான்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பசிக்குமா சித்தி?"

"பசிக்கும். எனக்கு ரொம்பப் பசிக்கும்."

காலி வீடு

இத்தோடு அண்ணாச்சி மனம் மாறித் தனியாக ரயில் ஏறினார் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. உடம்பு தேறட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு ஆண்களும் பேசி முடித்தார்கள். ஈப்போ ஸ்டேஷனில் எஸ்தர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். மாமா வாங்கிக் கொடுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை மறு கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். தின்றுகொண்டே போனாள். நான் கொடுத்ததையெல்லாம் தள்ளிய வாய் அது.

அன்று மாலை ஜெபத்தில் ஐயர் யார் பெயரையும் சொல்லவில்லை. முழங்காலில் இருந்தார், எழுந்தார், விளக்கைச் சின்னதாக்கினார்.

நான் உலை வைக்கும்போது என் கையால் ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டேன். என் கை பெரியது. ஆனாலும் அந்த மாதக் கடைசியில் பாயில் எங்கள் வீட்டு அரிசி மற்றவர்களுடையதைப் போலச் சிறு மேடாகத்தான் இருந்தது. பெண்கள் தங்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். எனக்கும் அதில் இப்போது போட்டி இல்லை. என் போட்டியெல்லாம் தைப்பிங்கோடு. இந்நேரம் யார் தலை வாரிவிடுவார்கள், யார் மடியில் இருப்பாள், அந்த அம்மாளை என்னவென்று கூப்பிடுவாள் என்று துணி துவைக்கிற கல்லில் நின்றுகொண்டு யோசிப்பேன். வெள்ளச்சி என்னைப் பார்த்து, "சுசாப்படாதீங்க ஐயரம்மா, வந்துரும் புள்ள" என்பாள். மலாய்க்காரர் சொல்லுகிற அந்தச் சுசா என்ற வார்த்தை, மனக்கஷ்டத்துக்கு என் பாஷையில் இருக்கிற எதையும்விட அந்நாளில் எனக்குப் பொருத்தமாக இருந்தது.

ஒரு கைக்குட்டை மூட்டை

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், முன்னறிவிப்பு எதுவுமில்லாமல், ரிக்‌ஷா ஒன்று வந்து வாசலில் நின்றது. அண்ணாச்சி குடையை விரித்தார். அவர் பின்னால் எஸ்தர் இறங்கினாள். கன்னம் உப்பியிருந்தது. சதை பிடித்திருந்தது. எனக்குச் சந்தோஷம்தான். கூடவே, அது வேறொருத்தி சோற்றில் வந்த சதை என்பதும் உறைத்தது.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்படி வாசலுக்கே வந்தார். கையில் ஒரு கைக்குட்டை மூட்டை.

"தங்கச்சி, இதை வாங்கிக்கிடுங்க" என்றார்.

அவர் வாயில் அந்த வார்த்தை முதல் தடவையாக வந்தது. நான் கவனிக்காத மாதிரி மூட்டையை வாங்கினேன். உள்ளே அரிசி.

"வந்த மறுநாளே ஆரம்பிச்சிட்டா. எங்க வீட்டுக்காரி உலை வைக்கப்போனா, ஒரு பிடி கேட்டு வாங்கி என் புகையிலை டின்னுல போட்டுக்கிடுவா. அவ பங்கை அவ ஒழுங்காத் தின்னுட்டா, அதுல குறை இல்லை. இது தனி. கர்த்தருக்கான்னு கேட்டேன். இல்லையாம். அம்மாவுக்கான்னு கேட்டேன். அம்மாவுக்குத்தான் பசிக்காதேங்கா."

எஸ்தர் அவர் வேட்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். "சித்திக்குத்தான் பசிக்கும்" என்றாள். "டின் நிறைஞ்சிருச்சு. போலாம்னு சொன்னேன், மாமா கூட்டிட்டு வந்துட்டாங்க."

அண்ணாச்சி அன்று சாயந்தர ரயிலில் திரும்பினார். தனியாகத்தான் போனார்.

அந்த அரிசியை நான் தனிப் பானையில் வைத்தேன். புகையிலை வாசம் போவதற்குப் பல தண்ணீர் கழுவ வேண்டியிருந்தது, அப்படியும் கொஞ்சம் இருந்தது. சோறு வெந்து இறங்கியதும் ஐயர் எட்டிப் பார்த்து, "நமக்கா?" என்றார். "உங்களுக்கு வேற இருக்கு" என்றேன். தேங்காய்ச் சம்பல் ஒரு உருண்டையோடு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்தேன். எஸ்தர் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகக் கவனித்தாள். பாதியில் எழுந்து வந்து, கேட்காமலே, என் மடியில் சாய்ந்துகொண்டாள். கூடத்தில் கிருபை சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கட்டும்.

"கைப்பிடி எடுத்து வச்சியா?" என்று ஐயர் வெளியிலிருந்து கேட்டார்.

இல்லை என்றேன். வாழ்நாளெல்லாம் எத்தனையோ உலை வைத்தேன். எல்லாவற்றிலும் எடுத்திருக்கிறேன். அந்த அரிசியில் மட்டும் கர்த்தருக்குக்கூட ஒரு பிடி கொடுக்கவில்லை.